சாகாத கன்றாய்ப் பார்த்து ஒன்று



இன்றைய உரை பூச்சாடிகளைப் பற்றியது. வீட்டுக்குள்ளே வைத்து வளர்க்கிற சாதாரண செடிகள். இதைக் கேட்டவுடன் சிலர் தேநீர் போட எழும்பிப் போவீர்கள். போய்விட்டு வாருங்கள், கேத்தில் கொதிக்கிற நேரத்துக்குள் நான் முடித்துவிடப் போவதில்லை.

டப்ளின் நகரத்தில் வாழும் எங்கள் குடும்பங்களை மனதில் வைத்தே இதைப் பேசுகிறேன். டப்ளின் என்றவுடன் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற உறவினர்கள் "அயர்லாந்துக்கு எப்ப போனனீங்கள்?" என்று கேட்பது வழக்கம். இது கலிபோர்னியா டப்ளின். ஓக்லண்ட் பக்கமிருந்து கிழக்கே மலையைத் தாண்டி, பார்ட் ரயிலின் நீலப் பாதை முடிகிற இடம். 1982இல்தான் தனி நகரமானது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர், 2020இல் 72 ஆயிரத்துக்கும் மேல். இவ்வளவு வேகமாக வளர்ந்த ஊரில் வீடுகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று மாடி வீடுகள், அப்பாட்மென்ற் தொடர்கள். முற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருக்கிற கைப்பிடி மண்ணிலும் என்ன நடலாம், என்ன நடக்கூடாது என்று குடியிருப்புச் சங்கத்தின் சட்டம் வேறு.

இந்த வீடுகளுக்கு ஊரிலிருந்து, அல்லது இந்தியாவில் பல காலம் இருந்துவிட்டு, வயதான தாய் தகப்பன் வந்து சேருகிறார்கள். காலையில் மகனும் மருமகளும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. கராஜ் கதவு கீழே இறங்குகிற சத்தத்தோடு வீடு அடங்கிவிடும். பிறகு மூன்று மணி மட்டும் தொலைக்காட்சியும் யன்னலும்தான். ஊரில் இதே மனிதர்கள் விடிய எழும்பி, கிணற்றடிக்குப் போகிற வழியில் ஐம்பது கன்றையாவது கையால் தொட்டுவிட்டுத்தான் முகம் கழுவுவார்கள். வாழைக்குத் தண்ணி பாய்கிறதா, செவ்வரத்தையில் மொட்டு எத்தனை, முருங்கையில் மசுக்குட்டி பிடித்துவிட்டதா என்று பார்ப்பதும் ஒரு வேலை. அந்த வேலை கையை விட்டுப் போனது யாருடைய கண்ணுக்கும் தெரியாத இழப்பு. மருந்துக் குளிசையை நேரத்துக்கு எடுத்து வைக்கிற பிள்ளைகளுக்கும் அது தெரிவதில்லை.

"ஒரு பூச்சாடி வாங்கி வைப்பமே அம்மா?" என்று கேட்டால் பல வீடுகளில் ஒரே பதில்தான் வரும். "எதுக்கு? இது எங்கட வீடே?" வாடகை வீட்டில் இருப்பவர்கள் மட்டும் சொல்கிற பதில் அல்ல இது. கடனில் வீடு வாங்கிப் பத்து வருடம் ஆனவர்களும் சொல்கிறார்கள்.

இதற்குக் காரணம் தேடி அதிக தூரம் போகத் தேவையில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டவர்கள் பலர், நாலு நாளில் திரும்பி வருவோம் என்று ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணி வைத்துவிட்டு வந்தவர்கள். அந்தக் காணிகளில் பலவற்றை இருபது, இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகுதான் பார்க்க முடிந்தது. வேலி எது, வளவு எது என்று தெரியாமல் பற்றைக்காடாக. சிலருடைய காணி இன்னும் கைக்கு வரவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் ஒரு இரவுக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் கூடாரங்களில் இருந்தவர்கள் எத்தனை பேர். மண்டபம் முகாமில் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர். இரண்டு தரம், மூன்று தரம், ஏழு தரம் இடம்பெயர்ந்த மனிதருக்குக் கன்று நடுவது என்பது, பிறகு விட்டுவிட்டுப் போக இன்னொன்றைச் சேர்ப்பது போலத்தான் தோன்றும். அதைப் பிடிவாதம் என்று நினைக்கிற பிள்ளைகள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

எங்களுக்கு மட்டும் நடந்த காரியம் அல்ல இது. நாங்கள் இருக்கிற இதே விரிகுடாப் பகுதியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சான் புரூனோ என்ற ஊரில் டான்ஃபொரான் என்று ஒரு குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1942 ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை ஏறத்தாழ எண்ணாயிரம் ஜப்பானிய அமெரிக்கர்களை அங்கே அடைத்து வைத்தார்கள். பெரும்பாலானோர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். குதிரை கட்டிய கொட்டில்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். எப்போது எங்கே அனுப்புவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. பிறகு பெரும்பாலானோரை யூட்டா மாநிலத்தின் வனாந்தரத்தில் இருந்த டோபாஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆனால் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே கொட்டில் வாசல்களில் தோட்டம் போட்டுவிட்டார்கள். டொரோதியா லாங்கே என்ற புகைப்படக் கலைஞர் 1942 ஜூனில் எடுத்த படங்களில் அந்தத் தோட்டங்களைப் பார்க்கலாம். இன்று சான் புரூனோ பார்ட் நிலையத்துக்கு வெளியே அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்ப் பாருங்கள்.

நிலத்தில் நட மனம் வராதவர்களுக்குச் சாடி நல்ல வழி. வாடகை கூட்டினால் சாடியைத் தூக்கிக்கொண்டு போகலாம். காரின் முன் ஆசனத்தில் பெல்ற் போட்டுக் கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு அவசரம் காட்டுவார்கள். முதல் கன்றே கறிவேப்பிலையாக இருக்க வேண்டும். ஆசை நியாயமானது, தாளிதத்துக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தால் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் கறிவேப்பிலை வெயிலும் வெப்பமும் கேட்கிற மரம். டப்ளினில் மார்கழி, தை இரவுகளில் சில நாள் உறைநிலைக்கே போகும். உள்ளே கொண்டுவந்தால் வெளிச்சம் போதாது, இலை மஞ்சளாகி உதிர்ந்து, மாசி மாதம் ஒரு குச்சி மட்டும் நிற்கும். குளிர்காலத்தில் அது உறங்குகிறது என்று தெரியாமல் இன்னும் தண்ணி ஊற்றுவோம், வேர் அழுகிவிடும். பிறகு "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிச் சாடியைக் கராஜுக்குள் கவிழ்த்துவிடுவோம். இன்னொரு சங்கதியும் உண்டு. தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கிற ஒரு நோயைப் பரப்புகிற சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும். அந்தப் பூச்சி 2008இல் கலிபோர்னியாவுக்குள் வந்துவிட்டது. அதனால் மாநிலத்தின் பல பகுதிகளில் கறிவேப்பிலைக் கன்றை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது. லொஸ் ஏஞ்சலிசில் இருக்கிற மச்சான் தருகிறார் என்று காரில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

கறிவேப்பிலை மூன்றாவது வருடம் பார்க்கலாம். முதலில் சாகாத கன்றாய்ப் பார்த்து ஒன்று வாங்குங்கள்.

சாகாத கன்று என்றால் நான் முதலில் சொல்வது, இங்கே பாம்புச் செடி என்றும் மாமியார் நாக்கு என்றும் சொல்லுகிற செடி. வாள் மாதிரி நிமிர்ந்த தடித்த இலை, ஓரத்தில் மஞ்சள் கரை. மாமியார்மார் கோபிக்க வேண்டாம், பெயர் வெள்ளைக்காரர் வைத்தது. எங்களுக்கு இந்த இனம் புதிது அல்ல. எங்கள் வறண்ட பற்றைகளில் தானாக வளர்கிற மருள் என்ற செடி இதன் நெருங்கிய சொந்தம். சங்கப் பாட்டுகளில் மரல் என்று வருவதும் இந்த இனம்தான். அதன் நார் வில்லுக்கு நாண் கட்டுகிற அளவுக்கு உறுதியானது. மருளின் விஞ்ஞானப் பெயரிலேயே இலங்கை இருக்கிறது. ஸெய்லானிகா, அதாவது சிலோனைச் சேர்ந்தது. கடைகளில் கிடைக்கிற மஞ்சள் கரைச் செடியின் பூர்வீகம் மேற்கு ஆபிரிக்கா. ஆனாலும் குணம் ஒன்றுதான். பகலில் மூச்சு விட்டால் தண்ணி போய்விடும் என்று, இலையின் துவாரங்களைப் பெரும்பாலும் இரவில் திறக்கிற செடி. தண்ணியைத் தடித்த இலையிலும் மண்ணுக்குள் ஓடுகிற கிழங்கிலும் சேமித்து வைத்திருக்கும். நீங்கள் மூன்று கிழமை ரொறன்ரோவில் கலியாண வீட்டுக்குப் போய் வந்தாலும் போனமாதிரியே நிற்கும்.

அடுத்தது மணிபிளான்ற். ஊரில் ஹோர்லிக்ஸ் போத்தலில் தண்ணி விட்டு, மேசையில் வைத்து, யன்னல் கம்பியில் படர விட்டோமே, அதே கொடி. ஆங்கிலத்தில் இதற்குச் சிலோன் கொடி என்றும் ஒரு பெயர் உண்டு. உண்மையில் இது பசிபிக் சமுத்திரத்தில் தாஹிதிக்குப் பக்கத்தில் இருக்கிற மோரேயா தீவில் பிறந்தது. எங்கோ பிறந்து, இலங்கைக் காட்டில் மரத்துக்கு மரம் ஏறி, இலங்கைப் பெயரும் எடுத்துக்கொண்டு, இப்போது டப்ளின் யன்னலில் தொங்குகிறது. எங்களைப் போலப் பல நாடு பார்த்தது. தண்ணி வேண்டுமென்றால் இலை தொங்கிப்போய்க் காட்டும், ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். புதிதாக வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

மூன்றாவது, இசட் இசட் செடி என்று விற்பார்கள். மினுங்குகிற கரும்பச்சை இலை, மண்ணுக்குள்ளே உருளைக்கிழங்கு மாதிரி சேமிப்பு. கிழக்கு ஆபிரிக்காவின் காய்ந்த காடுகளிலிருந்து வந்தது. வெளிச்சம் குறைந்த மூலையிலும் நிற்கும், ஆனால் மெதுவாகத்தான் வளரும்.

இந்த மூன்றையும் கொல்வதற்கு ஒரே ஒரு நிச்சயமான வழி இருக்கிறது. அது அளவுக்கு மிஞ்சின தண்ணி. ஊரில் மண் இளகியது, வெயில் கடுமை, இரண்டு நேரம் தண்ணி ஊற்றினோம். அதே கை இங்கே ஒரு சின்னச் சாடிக்கு அதே பாசத்தோடு ஊற்றுகிறது. வேருக்கும் காற்று வேண்டும். மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். வேர் அழுகினால் தண்ணி மேலே ஏறாது, இலை வாடும், வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம். சுட்டுவிரலை மண்ணுக்குள் இரண்டு கணு மட்டும் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் செம்பைக் கீழே வையுங்கள். மணிபிளான்றுக்கு மேல்மண் காய்ந்த பிறகு. மற்ற இரண்டுக்கும் சாடி முழுக்கக் காய்ந்த பிறகு. கோடையில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருதரம், குளிர்காலத்தில் மாதம் ஒருதரம் போதும். சாடிக்கு அடியில் ஓட்டை இருக்க வேண்டும். கடையில் வடிவான பீங்கான் சாடிக்குள் ஒரு பிளாஸ்ரிக் சாடியை இறக்கி வைத்து விற்பார்கள். அந்தப் பீங்கானுக்கு அடியில் தண்ணி தேங்கி நிற்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். வீட்டுக்குள் சின்னச் சின்னக் கறுப்புக் கொசு பறந்தால் மண் கூட ஈரமாக இருக்கிறது என்று பொருள்.

இடம் பற்றி இரண்டு சொல். டப்ளினில் கோடை மத்தியானம் 90 பாகை சர்வசாதாரணம், சில நாள் 100ஐயும் தாண்டும். மேற்குப் பார்த்த யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இலை கருகும். மெல்லிய திரைச்சீலைக்கு இப்பால், அல்லது கிழக்கு யன்னலில் வையுங்கள். ஹீற்றர் காற்று நேரே அடிக்கிற இடம் வேண்டாம். 50 பாகைக்குக் கீழே போகிற இரவுகளில் பல்கனியில் விடாதீர்கள். இந்தப் பள்ளத்தாக்குத் தண்ணியில் சுண்ணாம்பு கூட, சாடி ஓரத்தில் வெள்ளையாகப் படியும். பயப்பட ஒன்றுமில்லை, துடைத்துவிடலாம்.

தவழுகிற பிள்ளையோ நாய் பூனையோ இருக்கிற வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணிபிளான்றும் இசட் இசட் செடியும் சேம்பு, கருணைக் குடும்பம். கருணைக்கிழங்கு சரியாக அவியாவிட்டால் தொண்டை எப்படிக் கடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதே ஊசி மாதிரியான படிகங்கள் இந்த இலைகளிலும் உண்டு. வாயில் வைத்தால் எரிவும் வீக்கமும் வரும். பாம்புச் செடியும் நாய் பூனைக்கு வயிற்றைப் பிரட்டும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்று கடையில் அட்டை மாட்டி விற்கிறார்கள். 1989இல் நாசா செய்த ஒரு ஆய்விலிருந்து வந்த கதை இது. அந்த ஆய்வு காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் நடந்தது. 2019இல் இரண்டு ஆய்வாளர்கள் இப்படியான ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சாதாரணக் கட்டடத்தில் காற்று வந்து போவதால் கிடைக்கிற சுத்தத்தைச் செடியால் பெற வேண்டுமென்றால், ஒரு சதுர மீற்றருக்கு 10 தொடக்கம் 1000 சாடி வரை வைக்க வேண்டுமாம். பிறகு நாங்கள் எங்கே படுப்பது? யன்னலைத் திறவுங்கள், அது போதும்.

அப்படியானால் செடியால் என்ன லாபம்? 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனெற்றிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வைச் சொல்கிறேன். ஒரு மாடியில் இருந்தவர்களுக்கு, உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானியுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, இதைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். மற்ற மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தாதிமார் தண்ணி ஊற்றுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு, பொறுப்பு எடுத்தவர்கள் கூடச் சுறுசுறுப்பாக, மனம் தெளிவாக, மற்றவர்களோடு கதைத்துப் பழகுகிறவர்களாக இருந்தார்கள். நூறு பேருக்கும் குறைவானவர்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வு, செடி ஒன்றுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாடியிலும் செடி இருந்தது என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம், தண்ணி யாருடைய கையில் இருந்தது என்பதில் இருந்தது.

ஆகவே மகன்மாருக்கும் மருமகள்மாருக்கும் ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கென்று செடி வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் மறந்துபோவார் என்று நீங்கள் தண்ணி ஊற்றாதீர்கள். மறந்தாலும் பரவாயில்லை என்பதற்காகத்தானே இந்தச் செடியை வாங்கினோம். எந்த யன்னல், எந்தச் சாடி, எப்போது தண்ணி என்பதை அவரே முடிவு செய்யட்டும். இலை மஞ்சளானால் "ஏனப்பா இப்பிடியாச்சு?" என்று அவரிடம் கேளுங்கள். இந்த நாட்டில் வங்கிக் கடிதத்துக்கும், மருத்துவரிடம் போவதற்கும், தொலைபேசியில் ஒரு பொத்தானை அமத்துவதற்கும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கேட்க வேண்டியிருக்கிற மனிதர் அவர். வீட்டில் அவரைக் கேட்டுச் செய்கிற காரியம் ஒன்று இருக்கட்டும்.

செடி எல்லாத் துக்கத்தையும் தீர்க்கும் என்று நான் சொல்ல வரவில்லை. காணாமல் போன பிள்ளையை நினைத்து இரவிரவாக நித்திரை இல்லாதவருக்கு மணிபிளான்ற் மருந்தாகாது. அவரைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், வெட்கப்படத் தேவையில்லை. செடி செய்வது சின்னக் காரியம். விடிய எழும்பிப் போய்ப் பார்க்க ஒன்று இருக்கும். சுருண்டிருந்த புது இலை நேற்றைவிட இன்று கொஞ்சம் விரிந்திருக்கும். பின்னேரம் பிள்ளைகள் வந்தவுடன் சொல்லுவதற்கு ஒரு புதினம் இருக்கும்.

காசு செலவழிக்கவும் வேண்டியதில்லை. மணிபிளான்ற் இருக்கிற வீட்டில் ஒரு துண்டு கேளுங்கள். இலைக் காம்புக்கு எதிரே கொடியில் ஒரு சின்ன முண்டு தெரியும், அந்த முண்டு தண்ணிக்குள் இருக்கும்படி போத்தலில் போட்டால் சில கிழமைகளில் வெள்ளை வேர் வரும். கிழமைக்கு ஒருதரம் தண்ணியை மாற்றுங்கள். மாமியார் நாக்கை இலையாக வெட்டி நட்டாலும் வளரும். ஆனால் ஒரு வேடிக்கை, மஞ்சள் கரை உள்ள செடியின் இலையை வெட்டி நட்டால் பிறக்கிற குட்டி வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும்.

அடுத்த முறை கோயிலிலோ பிறந்தநாள் வீட்டிலோ சந்திக்கும்போது, ஈரக் கடதாசியில் சுற்றிப் பிளாஸ்ரிக் பையில் போட்டு ஒரு துண்டு கொண்டு வாருங்கள். தனியே இருக்கிற ஒரு வயதானவரின் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது எப்படி வளர்ப்பது என்று நீளமாகப் பாடம் நடத்த வேண்டாம், அவர்களுக்கு உங்களைவிடக் கூடத் தெரியும். தண்ணியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.